சோமனூர் தறிக்குடோனில் எட்டு விரல்கள்

ஓய்வு பெற்ற பிறகு மதியத் தூக்கம்தான் என் முழுநேர வேலை. சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தால் போதும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று திரைச்சீலையை உப்பவைக்கும், பிறகு மெதுவாக இறக்கும். கண் பாதி மூடியிருக்கும்போது எங்கள் பழைய பிசியோதெரபி கூடம் வந்துவிடும். அதில் வரிசையாகக் கழுத்துகள் உட்கார்ந்திருக்கும். முகம் மறந்துபோன நோயாளிகளின் கழுத்து எனக்கு இன்னும் அடையாளம் தெரிகிறது. சிரிக்காதீர்கள், முப்பது வருடம் இந்த வேலையில் இருந்து பாருங்கள், உங்களுக்கும் வரும்.

புதிதாகச் சேர்ந்த நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து போனில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். நாள்பட்ட கழுத்து வலிக்கு ரப்பர் பட்டையை இழுத்துச் செய்யும் பலப்பயிற்சி நல்லதா, மூச்சோடு சேர்த்துச் செய்யும் மெதுவான அசைவுகள் நல்லதா, ஒரே வரியில் சொல்லுங்கள் மேடம் என்று. ஒரே வரியில் சொல்லலாம்தான். ஆனால் நாளைக் காலைக்குள் மறந்துவிடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். பெரியவர்களின் தப்பு என்றால் சின்னவர்களுக்கு மறக்கவே மறக்காது.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது இது. கோவையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் எங்கள் கூடம் முதல் மாடியில், மேற்கு பார்த்து இருந்தது. கழுத்து வலி என்று வருகிறவர்கள் அந்த வருடம் கூடிக்கொண்டே போனார்கள். சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்கள், பனியன் கம்பெனியில் தைப்பவர்கள், நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கும் பிள்ளைகள். எல்லாருக்கும் குனிந்த தலை. யாருக்கு எந்தப் பயிற்சி கொடுப்பது என்று எங்களுக்குள் தினமும் சண்டை.

நான் பட்டைக் கட்சி. கழுத்தின் உள்ளடுக்குத் தசைகளையும் தோள்பட்டையையும் பலப்படுத்திவிட்டால் வலி தானாக மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும் என்பது என் பிடிவாதம். என்னோடு வேலை பார்த்த இளம்பெண் ஒருத்தி மூச்சுக் கட்சி. நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சை வெளியே விடும்போது கழுத்தை ஒரு நெல்மணி அளவு மட்டும் திருப்பச் சொல்வாள். அதற்கு நான் தாலாட்டுப் பிரிவு என்று பெயர் வைத்திருந்தேன். கேலிதான். உள்ளுக்குள் பொறாமை. மதியம் மூன்று மணிக்கு என் பக்கத்து ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையை இழுப்பார்கள். அவள் பக்கத்து ஆட்கள் பாயில் படுத்திருப்பார்கள். ஜன்னல் வழியாகச் சாரல் அவர்கள் பாதம் வரைக்கும் வந்து நின்றுவிடும். மின்விசிறி சுற்றும். யாரோ ஒருவர் மெல்லக் குறட்டை விடுவார். எனக்கும் அங்கே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

கடைசியில் ஒப்பிட்டே பார்த்துவிடலாம் என்று முடிவானது. பெரிய ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பிரிவுக்குள் ஒரு பந்தயம், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்களில் ஒருவர் என் பக்கம், அடுத்தவர் அவள் பக்கம். பன்னிரண்டு வாரம். வாராவாரம் எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்க வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்ஜியம், தாங்கவே முடியாது என்றால் பத்து, இன்றைக்கு உங்கள் வலிக்கு எத்தனை? அந்தக் கேள்வியை இரண்டு பக்கத்தாரிடமும் நானே கேட்டேன். நோட்டும் என் கையில்தான். ஓடுகிறவளே நடுவராகவும் இருந்தால் எப்படி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, ஒருவரைத் தவிர.

அவர் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவர். கோட்டைமேட்டுக்காரர், நாங்கள் எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராத முகம். நோயாளி உள்ளே போனால் திரும்புங்க, நில்லுங்க, மூச்ச அடக்குங்க, இந்த மூன்றுதான் பேச்சு. ஒருநாள் மதியம் டீ டம்ளரோடு என் கூடத்துக்கு வந்தார்.

“ஏனுங்க மேடம், அந்த நம்பர் கேக்கறத நான் வந்து கேக்கட்டுங்களா?”

“நீங்க எதுக்குங்க பாய்? உங்களுக்கு வேற வேலையில்லீங்களா?”

“இருக்குதுங்க. ஆனாப் பாருங்க, எங்க ரூமுக்கு வந்தா எல்லாருக்கும் கழுத்து நோகுது. திரும்புங்கன்னா அம்மாங்கறாங்க. அதே ஆளுக மேல உங்ககிட்ட வந்தா ஒருத்தருக்கும் நோகறதில்லீங்களே.”

“அது என் கைராசிங்க,” என்றேன்.

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கீழே போய்விட்டார். வாதம் பண்ணுகிற ஆள் இல்லை. நானும் பெருமையோடு நோட்டைப் பிரித்து உட்கார்ந்துகொண்டேன்.

என் பக்கத்து ஆட்களில் துளசிமணி என்று ஒருவர் இருந்தார். சோமனூரில் வீட்டோடு ஒட்டிய தறிக்குடோன், நான்கு விசைத்தறி. அவரும் அவர் கணவர் நாச்சிமுத்துவும்தான் ஓட்டுவது. நாற்பத்தாறு வயது. எப்போது வந்தாலும் தலைமுடியில் ரெண்டு பஞ்சுத்துகள் ஒட்டியிருக்கும். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் குனிந்து பார்த்துப் பார்த்தே வந்த கழுத்து வலி. முதல் நாள் பரிசோதித்தபோது கையில் பலம் இருந்தது, மரத்துப்போகவில்லை, நடையில் தடுமாற்றம் இல்லை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். முதல் வாரம் ஏழு என்றார். பிறகு ஆறு. அடுத்து ஐந்து. ஒவ்வொரு வாரமும் படி இறங்குவது போல இறங்கியது. மஞ்சள் பட்டையிலிருந்து சிவப்புக்கு, சிவப்பிலிருந்து பச்சைக்கு மாற்றினேன். பட்டையின் நிறம் மாற மாற இழுப்பும் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

“இப்ப எப்படிங்க இருக்குது?”

“பரவால்லீங்க டாக்டரம்மா. நீங்க பாக்கறப்ப எனக்கென்னங்க.”

“எத்தனைன்னு சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பார். “மூணுன்னு போட்டுக்கோங்க.”

போட்டுக்கோங்க என்று சொன்னதை அப்படியே போட்டுக்கொண்டேன். நம் பக்கத்தில் பந்தியில் சாப்பிட்டவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் யாராவது உப்பு அதிகம் என்பார்களா? இலையை மூடுகிற வரைக்கும் பிரமாதமுங்க என்றுதான் சொல்வார்கள். நானும் அதே ஊரில் பிறந்து வளர்ந்தவள். பந்தியில் தெரிந்திருந்த விஷயம் கூடத்தில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இன்னொன்றும் நடந்தது. பத்தாவது வாரமோ என்னவோ, பயிற்சிக்கு முன்னால் தோளில் சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தரச் சொன்னார். “செத்த கழட்டி உடுங்க டாக்டரம்மா, எனக்கு எட்ட மாட்டேங்குது.” நான் கழற்றினேன். அடுத்த வாரமும் கழற்றினேன். என்னிடம் இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறாரே என்று மனசு குளிர்ந்தது. ஊக்கு எட்டாமல் இல்லை. அதைப் பிடித்துத் திறக்க அவர் விரல்களுக்கு முடியவில்லை. முப்பது வருட அனுபவசாலிக்கு அது உறைக்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினொன்றாவது வாரம் இரண்டு என்றார். பன்னிரண்டாவது வாரம் வரவில்லை. போன் செய்தேன், நாச்சிமுத்து எடுத்தார்.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரு பாவு முடிச்சுக் குடுக்கோணுங்க மேடம். அடுத்த வாரம் கண்டிப்பா வாரமுங்க.”

எல்லாருடைய கடைசி எண்ணும் வந்துவிட்டது. துளசிமணியின் கட்டம் மட்டும் காலி. அதில் ஓர் இரண்டை எழுதிவிட்டால் என் பக்கம் ஜெயித்துவிடும். திங்கட்கிழமை காலையில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்வதாக ஏற்பாடு. பொறுக்க முடியாமல் வெள்ளிக்கிழமை மதியம் நானே சோமனூருக்கு பஸ் ஏறிவிட்டேன். நோயாளியின் மேல் இருந்த அக்கறையால் போனேன் என்று சொல்ல ஆசைதான். அந்த இரண்டை வாங்கிவரத்தான் போனேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம். மழை வரும் போல மேகம், வெயிலும் இருந்தது. தூங்கித் தூங்கி விழித்தேன். விழிக்கும்போதெல்லாம் வெளியே ஏதோ ஒரு மில் சுவர், ஒரு தென்னந்தோப்பு, ஒரு சோளக்காடு. சோமனூரில் இறங்கியதும் சத்தம் காலடியில் தொடங்கியது. தெரு முழுக்கத் தறி. எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தரைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கொஞ்ச தூரம் நடந்ததும் அந்தச் சத்தம் ஒரு மாதிரி அமைதியாகவே ஆகிவிட்டது எனக்கு.

நாச்சிமுத்து வீட்டுத் தறிக்குடோன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கூரையில் பதித்திருந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் சாய்வாக விழுந்தது. அதற்குள் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. எதுவும் கீழே விழுவதாகவே தெரியவில்லை. அந்த வெளிச்சத்துக்குள் துளசிமணி குனிந்து நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்க வாங்க என்று வாய் அசைந்தது. ஒரு எழுத்துக் கூடக் காதில் விழவில்லை. தறியை நிறுத்தட்டுமா என்று கையைக் காட்டினார். வேண்டாம், வேலை கெட்டுவிடும், ஓடட்டும் என்று நானும் கையைக் காட்டினேன். அவர் மறுபடி பாவின் மேல் கண்ணை வைத்துக்கொண்டார். நூல் அறுந்தால் அந்த நொடியே பார்க்க வேண்டும்.

நான் என் கழுத்தைத் தொட்டுக் காட்டி, விரல்களை விரித்து, எத்தனை என்று கேட்டேன். அவர் ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்தார். பிறகு பாவிலிருந்து பார்வையை எடுக்காமலே இரண்டு கையையும் தூக்கினார்.

வலது கையில் ஐந்து. இடது கையில் மூன்று. எட்டு.

தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று திரும்பக் கேட்டேன். திரும்பவும் எட்டு. குடோனுக்குள் யாரும் யாரிடமும் வாயால் பேசுவதில்லை. அங்கே பரவால்லீங்க என்று ஒரு சைகை கிடையாது. நூல் அறுந்தது என்றால் அறுந்தது. எட்டு என்றால் எட்டு.

அந்த எட்டைக்கூட ஏதாவது சமாதானம் சொல்லித் தாண்டியிருப்பேன். ஆனால் தூக்கிய வலது கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சுண்டுவிரல் மெல்ல விலகிப் போனது. யாரோ அதை நூல் கட்டி வெளியே இழுப்பது மாதிரி. பிறகு மோதிரவிரல் மடங்கத் தொடங்கியது. துளசிமணி இடது கையால் அந்த இரண்டு விரலையும் பழையபடி சேர்த்து வைத்தார். அது மறுபடி விலகியது. அவருக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

அப்போது ஒரு நூல் அறுந்தது. தறி நின்றது. அவர் குனிந்து இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போடப் பார்த்தார். நழுவியது. மறுபடி. நழுவியது. எதிர்த் தறியிலிருந்து நாச்சிமுத்து வந்தார். மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கை நீட்டி முடிச்சைப் போட்டுவிட்டு, தறியை ஓடவிட்டுத் திரும்பிப் போனார். பல நாளாகப் பழகிய நடை அது. நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். 

எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். ஒவ்வொரு தறியாக நின்றது. நான்காவதும் நின்றபோது காது அடைத்துக்கொண்டது போல ஓர் அமைதி. மிதந்த பஞ்சு அப்போதும் மிதந்துகொண்டுதான் இருந்தது.

“ஏனுங்க டாக்டரம்மா?” என்றார் துளசிமணி.

“கழுத்து எப்படி இருக்குதுங்க?”

“இப்ப நல்லாப் பரவால்லீங்க. ரெண்டுதானுங்க.”

ஒரு நிமிடம் முன்பு எட்டு விரல் காட்டிய அதே கை, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. பேச்சு திரும்பியதும் மரியாதையும் திரும்பிவிட்டது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. உட்காரவில்லை. கையை வாங்கினேன். வேகமாக மூடித் திறக்கச் சொன்னேன். மெதுவாக, தண்ணீருக்குள் இருக்கும் கை போல மூடித் திறந்தது. நடுவிரல் நகத்தைச் சுண்டினேன், கட்டைவிரல் தானாகத் துள்ளி மடங்கியது. தறிகளுக்கு நடுவில் இருந்த சந்தில் ஒரு பாதத்தின் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியில் தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கழுத்துக்குள் தண்டுவடம் நசுங்குகிறது. உங்களில் யாருக்கும் இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஒரு வழுக்கல், ஒரு பஸ்ஸின் திடீர் பிரேக், போதும், கையும் காலும் போய்விடும். நான் அவருக்குப் பச்சைப் பட்டை கொடுத்து இழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகோணுங்க,” என்றேன்.

நாச்சிமுத்து தலையாட்டினார். “சரிங்க மேடம். போயிரலாமுங்க. இந்த ஒரு பாவு மட்டும் எறக்கிப்போட்டு, திங்கக்கெழம விடிஞ்சதும் நானே கூட்டிக்கிட்டு வாரனுங்க.”

“திங்கக்கெழம வரைக்கும் தாங்காதுங்க. இப்ப.”

“சரிங்க, சரிங்க. நீங்க சொன்னா அப்பீலே இல்லீங்க. மொதல்ல உக்காருங்க. துளசி, மேடத்துக்குக் காப்பி வை.”

நம் ஊர்ச் சரிங்க எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். வந்தவர் மனசு நோகாமல் வழியனுப்பிவைக்கும் சரிங்க அது. நான் காப்பியைக் குடித்து, நல்லாருந்துச்சுங்க என்று சொல்லி, பஸ் ஏறியிருந்தால், அவர்கள் தறியை ஓடவிட்டிருப்பார்கள். அதில் அவர்கள் மேல் தப்பே இல்லை. பதினொரு வாரமாக நான் எண் கேட்க, அவர்கள் காப்பி கொடுப்பது போல ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

என் சந்தேகம் தப்பாகவும் இருக்கலாம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் அவர்களுக்குப் பாவு போகும், பாவு கொடுத்த வியாபாரியிடம் பெயர் கெடும், இத்தனைக்கும் நான்தான் காரணமாவேன். அதை யோசிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். யோசித்தேன். துளசிமணி சமையலறை வாசலில் சொம்போடு தண்ணீர் கொண்டுவந்து நின்றார். வலது கை நடுங்கிற்று, இடது கையால் தாங்கிக்கொண்டார். தண்ணீர் ஓரத்தில் தளும்பிக்கொண்டே இருந்தது.

“வேண்டாங்க,” என்றேன்.

“ஒரு வாய்த் தண்ணியாவது குடிங்க டாக்டரம்மா.”

“குடிக்க மாட்டனுங்க. நீங்க வண்டியில ஏறற வரைக்கும் உங்க ஊட்டுல ஒரு சொட்டுத் தண்ணி வாயில வெக்க மாட்டேன். இங்கயே உக்காந்துக்கறேன்.”

தறிப் பலகையின் மேல் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் ஒரு வீட்டில் அப்படி நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். கொங்கு நாட்டில் ஒருவர் நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்று சொல்வது முகத்தில் அடிப்பது மாதிரி. நாச்சிமுத்துவின் முகம் வெளுத்தது. மனைவியைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அந்தக் கையை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

“அத்தன மோசமுங்களா மேடம்?” குரல் இறங்கியிருந்தது.

“அத்தன மோசமுங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஆம்னி வேனைக் கேட்கப் போனார்.

நான் ஒரு பூத்துவாலையைச் சுருட்டித் துளசிமணியின் கழுத்தைச் சுற்றி அசையாமல் கட்டினேன். வேன் எறும்பு வேகத்தில் போனது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். துளசிமணி சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மூச்சு நிதானமாக வந்து போனது. வெளியே தூறல் தொடங்கியிருந்தது, கண்ணாடியில் ஊரெல்லாம் கரைந்து வழிந்தது. தலையில் ஒட்டியிருந்த பஞ்சை நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தேன். அந்தப் பயணம் முடியவே கூடாது, ஆஸ்பத்திரி வந்தால் உண்மை தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. இப்போதும் மதியத் தூக்கத்தில் அந்த வேன் வரும், எங்கேயும் போய்ச் சேராமல் போய்க்கொண்டே இருக்கும்.

ஸ்கேன் பார்த்த அறுவை சிகிச்சை டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். “இவங்களுக்கு இத்தன நாளா எக்ஸர்சைஸ் குடுத்தது யாரு?”

“நான்தான் சார்.”

அவர் திட்டவில்லை. “இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா என்னாயிருக்கும்னு உங்களுக்கே தெரியும். கூட்டிட்டு வந்தீங்களே, அதைப் பாப்போம்,” என்றார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் காலை அறுவை சிகிச்சை நடந்தது.

திங்கட்கிழமை நான் யாரையும் உட்காரவைத்து எதையும் அறிவிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனேன். “பாய், எல்லாரையும் மறுபடி நீங்க கேளுங்க,” என்றேன். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. நோட்டை வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டார். அடுத்த பத்து நாளில் ஒவ்வொருவரையும் வரவழைத்து, அந்தச் சிரிக்காத முகத்தோடு கேட்டார். எக்ஸ்ரே அறைக்காரரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒண்ணுதானுங்க மேடம்,” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். “கொறஞ்சிருக்குது, பொய்யில்லீங்க. உங்க ஆளுகளுக்கும் கொறஞ்சிருக்குது, அந்தப் புள்ள ஆளுகளுக்கும் கொறஞ்சிருக்குது. நீங்க எழுதுன அளவுக்கு உங்க பக்கம் கொறயலீங்க, அவ்வளவுதான். அந்தப் பக்கத்து ஆளுக உங்ககிட்டயும் உள்ளதத்தான் சொல்லியிருக்காங்க.”

ஆக, நீங்கள் கேட்ட ஒருவரி பதில் இதுதான். பட்டையும் நல்லது, மூச்சும் நல்லது. எங்கள் கூடத்தில் ஒன்று இன்னொன்றைத் தோற்கடிக்கவில்லை. வீட்டில் யாரும் பார்க்காத நேரத்திலும் எதைச் செய்வார்களோ அதைக் கொடுங்கள். இழுக்கப் பிடித்தவர்கள் இழுக்கட்டும், படுக்கப் பிடித்தவர்கள் படுக்கட்டும். நான் அதற்குப் பிறகு மூன்று மணிக்கு மூச்சுப் பக்கம் போய்ப் படுத்திருக்கிறேன், இரண்டு முறை தூங்கியும் இருக்கிறேன். ஆனால் முதல் நாள் பார்த்த கையை ஒவ்வொரு வாரமும் மறுபடி பாருங்கள். எண் குறைகிறதே என்று கையைப் பார்க்காமல் விடாதீர்கள். உங்கள் பயிற்சியின் பலனைக் கேட்க உங்களைத் தவிர வேறு யாரையாவது அனுப்புங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்துத் துளசிமணி கூடத்துக்கு வந்தார். நடை தேறியிருந்தது. வலது கை பாதிதான் தேறியது. முடிச்சு இன்னமும் வரவில்லை. பாவு விஷயத்தை வியாபாரி பொறுத்துக்கொண்டார் என்றும், இப்போது முடிச்செல்லாம் நாச்சிமுத்துதான் என்றும் சொன்னார். சொல்லும்போது சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்கவே கூடாது என்று வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“எட்டு இருக்கறப்ப ஏனுங்க எங்கிட்ட ரெண்டுன்னீங்க?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க கேக்கறப்ப உங்க மொகத்துல ஒரு ஆச இருக்குமுங்க டாக்டரம்மா. கொறச்சுச் சொன்னா அப்படியே பூத்துப்போயிருமுங்க. அன்னைக்கு ஏழுன்னு சொன்னனில்லீங்க, மொத வாரம், அப்ப வாடிப்போச்சுங்க. எங்களுக்காவ இத்தன பாடுபடறவீங்க, மொகத்த எதுக்குங்க வாட வெக்கறதுன்னு...”

என் முகம். முப்பது வருடமாக எல்லா நோயாளியும் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்ன முகம். எத்தனை பேர் எத்தனை வலியை அதற்காக விழுங்கினார்களோ.

நான் எழுந்தேன். ஜன்னலைப் பார்த்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். வெளியே சாரல், எதிர்க் கட்டடத்தின் மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இப்பச் சொல்லுங்க. எத்தனை?”

 பின்னால் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது.

“ஆறுங்க,” என்றார். பிறகு நான் கேட்காமலே, “சோத்துல கை வெச்சா எது எந்த வெரல்னு தெரியறதில்லீங்க. இப்படியே நின்னுபோயிருமோன்னு பயமா இருக்குதுங்க டாக்டரம்மா. எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுங்க,” என்றார். 

என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. திரும்பினால் அதைப் பார்த்துவிட்டு அவர் உடனே இரண்டு என்று மாற்றிவிடுவார். நான் ஜன்னலைப் பார்த்தபடியே நோட்டில் ஆறு என்று எழுதினேன்.